தொலைந்த நாட்களின் கணக்கு

தீவிர சிகிச்சைப் பிரிவு என்று பலகையில் எழுதியும் ஐ.சி.யூ. என்று வாயால் சொல்லியும் நாம் அஞ்சி நிற்கும் அந்தக் கதவுக்கு அப்பாலிருந்து உயிரோடு மீண்டு வந்தவர்களுக்கு, அவர்கள் பழைய மனிதர்களாக மறுபடியும் எழுந்து நடமாடும் வரையில், கைப்பேசியும் அதன் இனத்தைச் சேர்ந்த கருவிகளும் என்ன உபகாரம் செய்யக் கூடும் என்பதைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்லுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். நான் வைத்தியன் அல்லன். நோயாளி ஒருவரின் கட்டிலருகே பல மாதங்கள் உட்கார்ந்திருந்தவன். அந்த அனுபவமும் அதன் பின் சிரத்தையோடு படித்த படிப்புமே இன்று நான் பேசுவதற்கான முதல்.

என் தமையனார் ஓர் அரிசி மண்டியில் முப்பத்தாறு ஆண்டுகள் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். மூட்டை எண்ணிக்கையும் வண்டிக் கூலியும் கமிஷனும் அவர் நாவில் நின்றன. பேரேட்டைப் புரட்டாமலே சென்ற வருஷத்துத் தை மாதப் பாக்கியைச் சொல்லி விடுவார். அப்படிப்பட்டவர் ஒரு மழைக்காலத்தில் நுரையீரல் காய்ச்சல் கண்டு, மூச்சுத் திணறி, ஆஸ்பத்திரியில் சேர்ந்து, 19 நாட்கள் ஐ.சி.யூ.வில் கிடந்தார். அவற்றில் 11 நாட்கள் வென்டிலேட்டர் அவருக்காகச் சுவாசித்தது. இருபத்தாறாம் நாள் வீட்டுக்கு வந்தார். வாசலில் ஆரத்தி எடுத்தோம். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தோம். கண்டம் கழிந்தது என்று ஊரார் சொன்னார்கள், நாங்களும் அப்படியே நம்பினோம்.

கண்டம் கழிந்ததா? தண்ணீர்ச் சொம்பைத் தூக்க அவர் கை நடுங்கியது. தரையில் உட்கார்ந்தால் இருவர் தூக்கி விட்டாலொழிய எழ இயலவில்லை. பால்காரர் கணக்கு முப்பது நாளைக்கு என்ன ஆயிற்று என்று அண்ணியார் கேட்டபோது, ஒரு காகிதத்தை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் பார்த்துவிட்டு, அதை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார். தெருவில் ஏதாவது கார் பின்னுக்கு வரும்போது கீச்சுக் கீச்சென்று ஒலி எழுப்புமே, அந்த ஒலி கேட்டால் அவருக்கு உடம்பெல்லாம் வியர்க்கும். இரவில் தூங்க மாட்டார். ஒரு நாள் விடியற்காலையில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, என்னை ஏன் சரக்கு ரயிலில் ஏற்றி அனுப்பினீர்கள்? கையைக் கட்டிப் போட்டார்கள். தண்ணீர் தண்ணீர் என்று கேட்டேன், ஒருவரும் கொடுக்கவில்லை. காட்பாடி தாண்டியும் வண்டி நிற்கவில்லையே" என்றார். அவர் எந்த ரயிலிலும் ஏறவில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் அவருக்கு அந்த ரயில்தான் தெரியும், ஆஸ்பத்திரி தெரியாது.

எங்கள் கையில் கொடுத்தனுப்பிய டிஸ்சார்ஜ் சம்மரி ஐந்து பக்கம். மருந்தின் பெயர், ரத்தப் பரிசோதனையின் எண்கள், மறுபடி வரவேண்டிய தேதி எல்லாம் ஆங்கிலத்தில் இருந்தன. கை நடுங்கும், கணக்கு மறக்கும், ரயில் வரும் என்று அதில் ஒரு வரியும் இல்லை.

இது என் தமையனாருக்கு மட்டும் நேர்ந்த விபரீதமா? அல்லவே அல்ல. இந்தக் கதை எங்கே தொடங்குகிறது என்று பார்ப்பதற்கு உங்களை ஒரு நிமிஷம் டென்மார்க் தேசத்தின் தலைநகரமான கோபன்ஹேகனுக்கு அழைத்துப் போக வேண்டும். 1952-ஆம் ஆண்டு அந்நகரில் இளம்பிள்ளை வாதம் கொள்ளை நோயாய்ப் பரவி, மூச்சு விடும் தசைகள் செயலற்றுப் போன குழந்தைகளும் வாலிபர்களும் பிளெக்தாம் ஆஸ்பத்திரியில் வந்து குவிந்தார்கள். நோய் அந்த அளவுக்கு முற்றியவர்களில் நூற்றுக்கு 80 பேருக்கு மேல் இறந்துகொண்டிருந்த அந்த நெருக்கடியில், பியோன் இப்சன் என்ற மயக்க மருந்து நிபுணர், தொண்டையில் துளையிட்டுக் குழாய் செருகி, அதன் முனையில் ஒரு ரப்பர்ப் பையைப் பொருத்தி, அதைக் கையால் அமுக்கி அமுக்கிக் காற்றைச் செலுத்தும் வழியைக் காட்டினார். யார் அமுக்குவது? இரவும் பகலும் ஓயாமல் யார் அமுக்குவது? மருத்துவ மாணவர்கள் வந்தார்கள், சுமார் 1,500 பேர், முறை வைத்துக்கொண்டு. இறப்பு விகிதம் பாதிக்கும் கீழே இறங்கியது. அடுத்த ஆண்டு டிசம்பரில் அதே நகரத்தில் இப்சன் தனிப் பிரிவு ஒன்றை அமைத்தார். இன்று உலகெங்கும் உள்ள ஐ.சி.யூ.க்களுக்கு அதுவே தாய்.

ஆக, அந்நாளில் வென்டிலேட்டராக இருந்தது ஒரு மாணவனின் கை. அந்தக் கைக்குப் பின்னால் ஒரு முகம் இருந்தது, அந்த முகத்தில் ஒரு வாய் இருந்தது. பையை அமுக்கிக்கொண்டே அந்த மாணவர்கள் தங்கள் பொறுப்பிலிருந்த குழந்தைகளோடு பேசினார்கள். பின்னால் இயந்திரம் வந்தது. கையைக் காட்டிலும் அது நன்றாகவே சுவாசிக்கிறது. எத்தனையோ லட்சம் பேரைக் காப்பாற்றியிருக்கிறது. அதற்கு நாம் நன்றி சொல்ல வேண்டும். ஆனால் கை போனபோது அந்தப் பேச்சும் கூடவே போய்விட்டது என்பதை நெடுங்காலம் எவரும் கவனிக்கவில்லை.

உயிர் பிழைத்தால் போதும் என்றிருந்த வைத்திய உலகம், பிழைத்தவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று திரும்பிப் பார்க்கத் தொடங்கியது மிகவும் பிற்பட்ட காலத்தில்தான். கனடாவின் டொராண்டோ நகரத்து மருத்துவர்கள், நுரையீரல் கடுமையாகப் பழுதுபட்டுப் பிழைத்த 109 பேரை ஓராண்டு பின்தொடர்ந்து 2003-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், ஓராண்டு கழிந்த பிறகும் ஏறத்தாழப் பாதிப் பேர்தாம் வேலைக்குத் திரும்பியிருந்தார்கள். லண்டன் மருத்துவர்கள் 2013-இல் வெளியிட்ட ஆராய்ச்சியோ, படுக்கையில் கிடக்கும் 10 நாட்களுக்குள் தொடைத் தசையின் பருமன் நூற்றுக்கு 17 பங்குக்கு மேல் கரைந்து போவதைக் காட்டியது. சொம்பு ஏன் கனத்தது என்பது இப்போது உங்களுக்கு விளங்கும். அதே ஆண்டில் அமெரிக்காவின் நாஷ்வில் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் 821 நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள்: மூன்று மாதம் கழித்துப் பரிசோதித்தபோது நூற்றுக்கு 40 பேரின் அறிவாற்றல், தலையில் ஓரளவு பலமாக அடிபட்டவருடைய நிலைக்குச் சமமாயிருந்தது, ஓராண்டு சென்றும் 34 பேர் அப்படியே இருந்தார்கள். கிழவர்கள் மட்டும் அல்ல, வாலிபர்களும்! முப்பத்தாறு ஆண்டுக் கணக்குப்பிள்ளைக்குப் பால் கணக்கு வராமற் போனதில் ஆச்சரியம் உண்டா? உடல், அறிவு, மனம் ஆகிய மூன்றிலும் தங்கிவிடும் இந்தத் துன்பங்களுக்கெல்லாம் சேர்த்து, தீவிர சிகிச்சைக்குப் பிந்தைய நோய்க்குறித் தொகுப்பு என்று மருத்துவ அறிஞர்கள் 2010-இல்தான் ஒன்றுகூடி ஒரு பெயர் வைத்தார்கள். ஐ.சி.யூ. பிறந்து ஐம்பத்தேழு ஆண்டுகளுக்குப் பிறகு!

இனி அந்த ரயிலுக்கு வருவோம். என் பேச்சின் உயிர்நாடி அங்கேதான் இருக்கிறது. கடும் நோயின் வேகத்தாலும் மயக்க மருந்துகளாலும் தூக்கமின்மையாலும் நோயாளியின் பிரக்ஞை கலங்கி, கண்டது எது, காணாதது எது என்ற பேதம் அற்றுப்போகும் நிலையை டெலிரியம் என்கிறார்கள். அந்த நிலையில் பதிந்த பிரமைகள் சாதாரணக் கனவைப் போல விடிந்தால் மறைவதில்லை. நடந்த சம்பவங்களைப் போலவே ஞாபகத்தில் நிலைத்து விடுகின்றன. இங்கிலாந்தில் விஸ்டன் ஆஸ்பத்திரியில் பணியாற்றிய கிறிஸ்டினா ஜோன்ஸ் என்ற அம்மையார் இத்தகையவர்களை ஆண்டுக்கணக்காக உட்கார்ந்து விசாரித்து ஓர் உண்மையைக் கண்டார். ஐ.சி.யூ.வில் மெய்யாகவே நடந்ததை, அது எவ்வளவு கசப்பானதாக இருந்தாலும், ஓரளவேனும் நினைவில் வைத்திருப்பவர்கள் பிற்பாடு குறைவாகவே பீதியடைந்தார்கள். பிரமையை மட்டும் வைத்திருந்தவர்களே அதிகம் தவித்தார்கள்.

அப்படியானால் மெய்யாக நடந்ததை அவர்களுக்கு யார் தருவது? ஸ்காண்டிநேவிய நாட்டுச் செவிலியர்கள் இதற்கு ஓர் எளிய விடை கண்டிருந்தார்கள். 1990-களின் தொடக்கத்தில் ஸ்வீடனின் நோர்ஷோப்பிங் நகரத்து ஆஸ்பத்திரியில், நினைவற்றுக் கிடக்கும் நோயாளிக்காகவே நாட்குறிப்பு எழுதும் வழக்கம் தோன்றிற்று. இன்று உங்களுக்கு இன்ன காரணத்தால் குழாய் வைத்தோம், உங்கள் மகள் வந்து பாட்டுப் பாடினாள், வெளியே பனி பெய்கிறது என்று செவிலியரும் உறவினரும் எளிய சொற்களில் எழுதி, சிகிச்சை அறையின் படங்களையும் ஒட்டி, நோயாளி தேறிய பிறகு அதை அவரிடம் கொடுத்தார்கள். ஜோன்ஸ் அம்மையாரும் தோழர்களும் ஐரோப்பாவில் ஆறு நாடுகளில் 352 பேரிடம் இதைச் சோதித்து 2010-இல் வெளியிட்டபோது, நாட்குறிப்பை முன்னதாகவே பெற்றவர்களில் நூற்றுக்கு 5 பேருக்கும், பெறாதவர்களில் 13 பேருக்கும் அதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோய் புதிதாகத் தோன்றியிருந்தது. நேர்மையாகப் பேச வேண்டுமல்லவா? பிரான்ஸில் 35 ஐ.சி.யூ.க்களில் 657 பேரை வைத்து நடத்தி 2019-இல் வெளியான பெரிய பரிசோதனையில், நாட்குறிப்பால் அந்த மனநோய் குறிப்பிடத்தக்க அளவில் குறைந்ததாகத் தெரியவில்லை. ஆகவே இதைச் சர்வரோக நிவாரணி என்று நான் உங்களுக்கு விற்க வரவில்லை. ஆனாலும் ஒன்று கேட்கிறேன்: ஒரு மனிதனுடைய வாழ்நாளில் 19 நாட்கள் அவனுக்குத் தெரியாமல் கழிந்திருக்கும்போது, அவற்றின் கணக்கைக் கேட்க அவனுக்கு உரிமை இல்லையா? மருந்தாகப் பலித்தாலும் பலிக்காவிட்டாலும், அது அவனுடைய சொத்து.

எங்கள் வீட்டில் அந்தச் சொத்து தற்செயலாகக் கிடைத்தது. தமையனாரின் மகன் வெளியூரில் உத்தியோகத்தில் இருந்தான். நினைத்தபோதெல்லாம் வர முடியவில்லை. ஆகவே அவன் மகள், கல்லூரியில் முதலாண்டு படிக்கும் பெண், ஆஸ்பத்திரி வராந்தாவின் இரும்பு நாற்காலியில் உட்கார்ந்து, தினந்தோறும் மாலையில் வாட்ஸ்அப்பில் தன் தகப்பனுக்குக் குரற்செய்தி அனுப்பி வந்தாள். இரண்டு மூன்று நிமிஷம் பேசுவாள், அவ்வளவுதான். ரயில் கதையைக் கேட்ட அன்று அவள் ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய்த் தன் கைப்பேசியை எடுத்து வந்து, தாத்தாவின் பக்கத்தில் உட்கார்ந்து, ஐந்தாம் நாள் செய்தியை ஒலிக்கச் செய்தாள். "அப்பா, இன்றைக்குத் தாத்தா தொண்டைக் குழாயைப் பிடுங்கப் பார்த்தாராம். அதனால் இரண்டு கையையும் துணியால் மெதுவாகக் கட்டி வைத்திருக்கிறார்கள். பார்க்கவே கஷ்டமாக இருந்தது. தண்ணீர் வேண்டும் என்பது போல உதட்டை அசைத்தார். குழாய் இருக்கும் வரை வாயில் தண்ணீர் விடக்கூடாதாம், நர்ஸ் அக்கா பஞ்சை நனைத்து உதட்டில் வைத்தார்கள். பக்கத்தில் அந்த மிஷின் கீச்சுக் கீச்சென்று கத்திக்கொண்டே இருக்கிறது."

தமையனார் அதை மறுபடியும் போடச் சொன்னார். மூன்றாம் முறையும் போடச் சொன்னார். பிறகு, "அப்போது அந்தப் பெண் பஞ்சு வைத்தாளா?" என்று மட்டும் கேட்டார். அடுத்த ஒரு வாரத்தில் 19 நாட்களையும் வரிசையாகக் கேட்டு முடித்து, ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தில் தேதி போட்டு ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வரி எழுதிக்கொண்டார். வீட்டுக்கு வந்த பிறகு அவர் பேனா பிடித்தது அதுவே முதல் தடவை. ரயில் உடனே ஒழிந்துவிட்டது என்று சொன்னால் பொய்யாகும். ஆனால் அது வரும்போது அது எது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

நண்பர்களே, நம் கைப்பேசியை நான் இந்தக் கண்ணோடு பார்க்கிறேன். இந்தத் துறையில் கருவி என்றவுடன் நமக்கு அளவைகள் ஞாபகம் வருகின்றன: எத்தனை அடி நடந்தார், எத்தனை மணி உறங்கினார், பிராணவாயு எத்தனை. அளவை வேண்டாம் என்று எவர் சொல்வார்? ஆயினும் மீண்டு வந்தவருக்கு முதலில் தேவைப்படுவது எண்ணைக் காட்டிலும் சொல் என்பது என் திடமான அபிப்பிராயம். என்ன நடந்தது, ஏன் நடந்தது, இப்போது இருப்பது இயல்புதானா, இனி என்ன வரும் என்ற நான்கு கேள்விக்கும் அவருக்குப் புரியும் பாஷையில் விடை வேண்டும். ஹாலந்தில் ராட்டர்டாம் நகரத்து எராஸ்மஸ் மருத்துவ மையத்தார் இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். தேறியவரின் கண்ணில் மெய்நிகர்க் கண்ணாடியை மாட்டி, கட்டில், வென்டிலேட்டர், மானிட்டர், வைத்தியர், செவிலியர் எல்லோரையும் மறுபடி காட்டி, இது இன்னது, இந்த ஒலி இதனால் என்று நிதானமாக விளக்குகிறார்கள். தான் கிடந்த இடத்தைத் தெளிந்த கண்ணோடு ஒரு முறை பார்த்து வருவது போன்றது அது. கோவிட் காலத்தில், உறவினர் உள்ளே நுழையக் கூடாதென்று தடை இருந்தபோது, பிரிட்டனில் லைஃப் லைன்ஸ் என்ற முயற்சியின் மூலம் ஐ.சி.யூ.க்களுக்குக் கையடக்கத் திரைகள் வழங்கப்பட்டு, கட்டிலருகே குடும்பத்தின் முகமும் குரலும் போய்ச் சேர்ந்தன. கோபன்ஹேகனில் இயந்திரம் வந்தபோது நழுவிய பேச்சை இன்னொரு இயந்திரம் திரும்பக் கொண்டுவந்து சேர்த்தது என்றே நான் இதைக் கொள்கிறேன்.

உடலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். முன்னே சொன்ன ஜோன்ஸ் அம்மையார் குழுவினர், வீட்டிலேயே 6 வாரம் செய்ய வேண்டிய பயிற்சிகளையும் விளக்கங்களையும் ஒரு புத்தகமாக அச்சிட்டுக் கொடுத்து, 126 பேரிடம் சோதித்து, உடல் தேறுவது விரைவுபடுவதை 2003-லேயே காட்டினார்கள். அந்தப் புத்தகத்தின் பேரப்பிள்ளைகள்தாம் இன்று கைப்பேசியில் வருகிற பயிற்சித் திட்டங்கள். காணொலியில் இயன்முறை மருத்துவர் எதிரே தோன்றி, நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுங்கள், இன்று ஐந்து முறை போதும் என்கிறார். பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போவதற்கே இல்லாத பலத்தை, பஸ் ஏறிப் போய்த்தான் பெற வேண்டும் என்ற விபரீதம் இதனால் நீங்குகிறது.

எச்சரிக்கையாக இருக்க வேண்டிய சங்கதிகளும் உண்டு. விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். ஜப்பானியரான தாக்குவோ ஆயோகி 1970-களில் கண்டுபிடித்த அற்புதமான தத்துவம் அது. ஆனால் தோல் கறுத்தவர்களிடத்தில் அது உண்மையைக் காட்டிலும் அதிகமான எண்ணைக் காட்டிவிடுவதுண்டு. ரத்தத்தில் பிராணவாயு குறைந்திருந்தும் கருவி காட்டாமற் போவது, வெள்ளையரிடத்தை விடக் கறுப்பினத்தாரிடத்தில் ஏறக்குறைய மூன்று மடங்கு என்று 2020-இல் அமெரிக்க மருத்துவர்கள் எழுதினார்கள். நம்மில் பலருடைய நிறத்தை நினைத்துப் பாருங்கள்! எண் நன்றாயிருக்கிறது என்று சொல்லி மூச்சிரைப்பைப் புறக்கணித்து விடாதீர்கள். இன்னொன்று, என் தமையனார் அந்தக் கருவியை நாளொன்றுக்கு முப்பது நாற்பது முறை விரலில் மாட்டிப் பார்க்கும் வழக்கத்துக்கு ஆளாகி, ஓர் எண் இறங்கினாலும் கலங்கினார். காலை ஒரு தரம், மாலை ஒரு தரம் என்று வைத்தியர் விதித்த பிறகே அமைதி வந்தது. நினைவற்றுக் கிடப்பவரைப் படமெடுத்துச் சொந்தக்காரர் குழுவில் எல்லோருக்கும் அனுப்புவதும் தகாது. அந்தப் படம் அவருடையது, அதை யார் பார்க்கலாம் என்பதை அவர் எழுந்து வந்து சொல்லட்டும்.

வீட்டில் பணிவிடை செய்யும் பெண்களை மறந்து எந்தத் திட்டமும் வகுக்காதீர்கள். காணொலியில் வைத்தியர் வரும்போது கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு நிற்பவர் யார்? அண்ணியார்தாம். அடுப்பில் பால் இருக்கிறது, மாத்திரை வேளை தவறக்கூடாது, வீட்டில் உள்ள ஒரே நல்ல கைப்பேசி பகலில் பேத்தியோடு கல்லூரிக்குப் போய்விடுகிறது. குடும்பத்தாருக்கும் இதே மனத்துன்பம் தொற்றுவதை மருத்துவர்கள் தனியாகவே பெயரிட்டு ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். கருவியைச் செய்வோர் அந்த அம்மாளை மனத்தில் வைத்துச் செய்யட்டும்: எழுத்தைக் குறைத்து, குரலைக் கூட்டி, தமிழில், அவர் அடுக்களையில் நின்றபடியே கேட்கும்படியாக.

நம் மாநிலத்தில் இதற்கு அஸ்திவாரம் இல்லாமல் இல்லை. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கப்பெற்ற மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், இயன்முறை மருத்துவர் வீடு தேடி வருகிறார். ஐ.சி.யூ.விலிருந்து ஒருவர் வீடு திரும்பும் அன்றே அவருடைய கிராமத்துச் சுகாதாரப் பணியாளரின் கைப்பேசிக்கு ஒரு செய்தி போய்ச் சேருமானால், ஆஸ்பத்திரி, வீடு என்ற இரண்டு கரைக்கும் பாலம் போட்டதாகும். அதற்குப் புதிய இயந்திரம் எதுவும் தேவையில்லை. அனுப்ப வேண்டும் என்ற எண்ணம் தேவை.

மருத்துவப் பெருமக்களே, உங்களிடம் நான் கேட்பது பத்து நிமிஷம். நோயாளி வீடு திரும்பும் நாளில், உங்களுக்கு இன்னது நடந்தது, இன்னின்ன தொந்தரவுகள் வரலாம், வந்தால் பயப்படாமல் இந்த எண்ணில் எங்களைக் கூப்பிடுங்கள் என்று உங்கள் சொந்தக் குரலில், தமிழில், அவருடைய கைப்பேசியிலேயே பதிந்து கொடுங்கள். செவிலியச் சகோதரிகளே, உதட்டில் பஞ்சு வைத்த அந்தக் கணத்தையும் அதில் சொல்லுங்கள்.

சபையோரே, உங்களில் எவருக்கேனும் வேண்டியவர் இந்த இரவில் அந்தக் கதவுக்கு அப்பால் படுத்திருக்கலாம். இங்கிருந்து போனதும் கைப்பேசியை எடுத்து, இன்றைய தேதியைச் சொல்லி, அவரைப் பெயரிட்டோ முறை சொல்லியோ அழைத்து, இன்று என்ன நடந்தது என்பதை இரண்டு நிமிஷம் அவரிடமே பேசுவது போலப் பேசிப் பதிந்து வையுங்கள். நாளைக்கும் அப்படியே செய்யுங்கள். அவர் எழுந்து வந்து கேட்பார்.